சின்ன வேட்டை டைனோசரின் பல் வாங்கப் போகிறீர்களா? முதலில் கருக்கை எண்ணுங்கள்

நெல்மணி அளவுதான் இருக்கும். பழுப்பு நிறம், லேசான வளைவு, தொட்டால் குத்தும் நுனி. விலையைக் கேட்டால், பக்கத்துத் தட்டில் கட்டைவிரல் நீளத்துக்குக் கிடக்கும் மொராக்கோ ஸ்பைனோசாரஸ் பல்லைவிடப் பல மடங்கு சொல்வார்கள். புதிதாகச் சேகரிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள், இத்தனூண்டுக்கு இத்தனை காசா என்று. பெரிய பல்லைப் பார்க்க வெறும் கண் போதும், சின்னப் பல்லுக்கு லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும், அந்த லூப் வழியாக ஒரு தடவை பார்த்துவிட்ட பிறகு பெரிய பல் பக்கம் திரும்பாமலே போனவர்கள் நிறையப் பேர். நானும் அதில் சேர்த்தி.

ஆனால் நான் முதன்முதலில் வாங்கிய 'ராப்டர் பல்' (வெலாசிராப்டர் குடும்பத்து வேட்டை டைனோசர்களைத்தான் ராப்டர் என்கிறோம்) முதலைப் பல். விற்றவர் ஏமாற்றினாரா, அவருக்கே தெரியாதா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. நான் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்திருந்தால் பத்து வினாடியில் தெரிந்திருக்கும். அந்தப் பத்து வினாடி வேலையை எப்படிச் செய்வது என்பதில் தொடங்கி, வாங்கி வந்ததை எப்படிப் பெட்டியில் வைப்பது என்பது வரை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். எடுத்துக்கொண்டிருப்பது வட அமெரிக்காவின் ஹெல் கிரீக், லான்ஸ் பாறை அடுக்குகளில் கிடைக்கும் பற்கள், கூடவே அவற்றைவிடப் பழைய ஜூடித் ரிவர் அடுக்கு. சந்தையில் சட்டப்படி புழங்கும் சின்ன ராப்டர் பற்களில் பெரும்பகுதி இந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது.

முதல் படி: பல் எப்படி உங்கள் கைக்கு வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நமக்குப் பால் பல், அதற்குப் பின் நிலைப் பல், அத்தோடு கதை முடிந்தது. டைனோசருக்கு அப்படி இல்லை, வாழ்நாள் முழுக்க விழுந்து விழுந்து முளைக்கும். மடகாஸ்கரில் வாழ்ந்த மஜுங்காசாரஸ் ஒவ்வொரு பல்லையும் ஏறத்தாழ 56 நாளுக்கு ஒரு முறை மாற்றிக்கொண்டது என்று 2019-இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதே ஆய்வில் அல்லோசாரஸுக்கு 104 நாள். சின்ன ராப்டர்களுக்கு இதே எண் பொருந்தும் என்று சொல்லவில்லை, ஆனால் ஒரு விலங்கு தன் ஆயுளில் எத்தனை பல்லை உதிர்த்திருக்கும் என்று ஒரு அந்தாஸு கிடைக்கும். சின்ன டைனோசர்களின் எலும்பு மெல்லியது, குழாய் போன்றது, ஆற்று மண்ணில் சீக்கிரம் நொறுங்கிப் போகும். எனாமல் போர்த்திய பல் தாங்கும். அதனால்தான் எலும்புக்கூடு கிடைக்காத இடத்தில்கூடப் பல் கிடைக்கிறது, சில இனங்களைப் பற்றி நமக்குப் பல்லைத் தவிர அதிகம் எதுவும் தெரியாது.

புதுப் பல் கீழிருந்து வரும்போது பழைய பல்லின் வேரைக் கரைத்துவிடும். ஆகவே உதிர்ந்த பல்லுக்கு வேர் இருக்காது, அடியில் ஒரு குழிவு மட்டும் இருக்கும். "வேர் இல்லையே, உடைந்த பல்லா?" என்று கேட்டு நல்ல பல்லைத் திருப்பிக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். உடைந்ததல்ல, அதுதான் இயல்பு. வேரோடு முழுசாக இருந்தால் அந்த விலங்கு செத்த பிறகு தாடையிலிருந்து விழுந்தது என்று அர்த்தம். அது அரிது, விலை கூடும், ஒட்டு வேலை நடக்கும் வாய்ப்பும் கூடும்.

ஒரு சின்ன இடைச்செருகல். இந்தப் பற்களைப் பொறுக்குவதில் எறும்புகள் கெட்டிக்காரர்கள். வயோமிங் பக்கத்து அறுவடை எறும்புகள் புற்றின் மேல் சரளைக்கல்லைப் பரப்பும் பழக்கம் உள்ளவை, அந்தச் சரளையோடு சின்னச் சின்னப் பற்களையும் தூக்கி வந்து போட்டுவிடும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜான் பெல் ஹாட்சர் என்ற சேகரிப்பாளர் அந்தப் புற்றுகளைச் சலித்தே ஏராளமான பாலூட்டிப் பற்களை எடுத்தார்.

இரண்டாம் படி: கருவிகள்

நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் 10 மடங்கு லூப் ஒன்று. பிளாஸ்டிக் தாடை உள்ள டிஜிட்டல் வெர்னியர் ஒன்று (ஸ்டீல் வேண்டாம், நுனியைச் சில்லு பெயர்த்துவிடும்). 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச். ஃபோனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ். அவ்வளவுதான். எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஓரம் உயர்ந்த ஒரு தட்டில் துணியை விரித்து அதன் மேல்தான் பல்லை எடுத்துப் பார்க்க வேண்டும். டைல்ஸ் தரையில் விழுந்த 6 மில்லிமீட்டர் பல்லை நான் அரை நாள் தேடியிருக்கிறேன். கிடைத்தது, இரண்டு துண்டாக.

மூன்றாம் படி: அடியிலிருந்து மேலே படியுங்கள்

எல்லோரும் முதலில் நுனியைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் பல்லைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பாகத்தின் வடிவத்தைப் பாருங்கள். வட்டமாக இருந்தால் பெரும்பாலும் முதலை. கத்தியை நறுக்கியது போல ஒடுங்கிய நீள்வட்டமாக இருந்தால் மேற்கொண்டு பார்க்கலாம். முன்பின் நீளத்தையும் பக்கவாட்டு அகலத்தையும் வெர்னியரில் அளந்து, அகலத்தை நீளத்தால் வகுத்துப் பாருங்கள். ராப்டர் பல்லில் அகலம் நீளத்தின் பாதியை ஒட்டி, பெரும்பாலும் அதற்கும் குறைவாக வரும். டைரனோசாரஸ் ரெக்ஸ் பல் வாழைப்பழம் மாதிரி தடித்தது, இந்த விகிதம் மேலே போகும்.

அடுத்து வளைவு. கதிர் அறுக்கும் அரிவாள் போல நுனி பின்னோக்கி வளைந்திருக்கிறதா, அல்லது நேரே நிமிர்ந்த முக்கோணமா என்று பாருங்கள். வளைவின் உட்புறம் பின்விளிம்பு, வெளிப்புறம் முன்விளிம்பு. இந்த இரண்டும் எது எது என்று குழப்பிக்கொண்டால் அடுத்து சொல்லப்போகும் எல்லாமே தலைகீழாகும்.

இப்போது லூப்பை எடுங்கள்.

பனை மட்டையின் ஓரத்தில் கையைக் கிழிக்குமே, அந்தக் கருக்கு நினைவிருக்கிறதா? வேட்டை டைனோசரின் பல் விளிம்பிலும் அதே அமைப்புதான், அளவுதான் பத்தில் ஒரு பங்கோ இன்னும் குறைவோ. கருக்கரிவாள் வைக்கோலைப் பிடித்து இழுத்து அறுப்பது போல இது சதையை அறுத்தது. கருக்கு வெறும் மேல் வரி அல்ல. இரண்டு கருக்குகளுக்கு நடுவே பல்லின் உள்ளே ஆழமாக ஒரு மடிப்பு போகிறது. அது விரிசல் என்று முன்பு நினைத்திருந்தார்கள். 2015-இல் கிர்ஸ்டின் பிரிங்க் தலைமையிலான குழு பற்களை மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்து, பல் முளைப்பதற்கு முன்பே உருவாகும் அமைப்பு அது, கருக்கு சீக்கிரம் உடைந்து போகாமல் பலம் கொடுக்கிறது என்று காட்டியது. ஆக, நீங்கள் லூப்பில் பார்ப்பது ஒரு பெரிய வேலைப்பாட்டின் வெளி ஓரம் மட்டும்தான்.

கருக்கை எண்ணுவது எப்படி? மில்லிமீட்டர் அளவுகோலோடு சேர்த்துப் பல்லைப் பக்கவாட்டில் படம் எடுங்கள், படத்தைப் பெரிதாக்கி, விளிம்பின் நடுப்பகுதியில் ஒரு மில்லிமீட்டருக்குள் எத்தனை கருக்கு என்று எண்ணுங்கள் (பெரிய பல் என்றால் 5 மில்லிமீட்டருக்கு எண்ணுவது வழக்கம், சின்னதில் அந்த நீளமே கிடைக்காது). முன்விளிம்பில் ஒரு எண், பின்விளிம்பில் ஒரு எண். முன்விளிம்பின் எண்ணைப் பின்விளிம்பின் எண்ணால் வகுங்கள். இந்தக் கணக்கை ரௌஹுட், வெர்னர் என்ற இருவர் 1995-இல் கொண்டுவந்தார்கள், இன்று வரை எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். விடை 1-ஐ ஒட்டி வந்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவுக் கருக்கு. 1.2-ஐத் தாண்டினால் முன்பக்கக் கருக்கு பொடியாகவும் பின்பக்கக் கருக்கு பெரிதாகவும் இருக்கிறது, ராப்டர் குடும்பம் பக்கம் சாயலாம். சாயலாம் என்றுதான் சொல்கிறேன்.

நான்காம் படி: யாருடைய பல்?

இங்கேதான் நிதானம் வேண்டும். விற்பவர்கள் இனப்பெயரைத் தாராளமாக எழுதுவார்கள். நேர்மையான பதில் பல சமயம் "ராப்டர் குடும்பம், அதற்கு மேல் சொல்ல முடியாது" என்பதோடு நின்றுவிடும்.

ஹெல் கிரீக் அடுக்கில், அதாவது சுமார் 6.6 கோடி ஆண்டுக்கு முந்தைய, டைனோசர்களின் கடைசிக் காலத்து மண்ணில், சின்ன ராப்டருக்கு நல்ல பெயர் கிடைத்ததே 2013-இல்தான். மேல் தாடை ஒன்றும் கீழ்த் தாடை ஒன்றும் வைத்து எவன்ஸ், லார்சன், கர்ரி மூவரும் அகெரோராப்டர் என்று பெயரிட்டார்கள். கிரேக்கப் பாதாளத்தில் ஓடும் அகெரோன் ஆற்றின் பெயர் அது, 'ஹெல் கிரீக்' என்ற நரக ஓடைக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. அதன் பல்லை அடையாளம் காட்டுவது இரண்டு: பின்விளிம்பில் பெரிய கருக்கு, பல்லின் பக்கத்தில் நுனியிலிருந்து அடி நோக்கி ஓடும் மெல்லிய வரம்புகள். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் வரம்பு தெரியும், நேரே பிடித்தால் தெரியாது. 2013-க்கு முன் இந்தப் பற்கள் ட்ரோமியோசாரஸ், சாரோர்னிதோலெஸ்டெஸ் என்ற பெயர்களில் விற்கப்பட்டன, பழைய சீட்டுகளில் இன்றும் அப்படியே கிடக்கின்றன.

அந்த இரண்டும் உண்மையில் இன்னும் பழைய அடுக்குகளைச் சேர்ந்தவை. சாரோர்னிதோலெஸ்டெஸ் பல்லில் முன்பக்கக் கருக்கு மிகப் பொடி, பின்பக்கம் பெரிது. ட்ரோமியோசாரஸில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம், ஆனால் முன்விளிம்பு நுனியிலிருந்து இறங்கும்போது நாக்குப் பக்கமாகத் திருகிக்கொண்டு போகும். பல்லை நேர் முன்னாலிருந்து பார்த்தால் இந்தத் திருகல் தெரிந்துவிடும், ஒரு தடவை பார்த்தால் மறக்காது.

அப்புறம் ட்ரூடான். எனக்கு இதன் கதை ரொம்பப் பிடிக்கும். 1850-களின் நடுவில் ஃபெர்டினாண்ட் ஹேடன் மொன்டானாவின் ஜூடித் ரிவர் பகுதியிலிருந்து கொண்டுவந்த ஒரே ஒரு பல்லை வைத்து 1856-இல் ஜோசப் லைடி இந்தப் பெயரை வைத்தார். அவர் அதைப் பல்லி என்று நினைத்தார். 1924-இல் கில்மோர் அதை மண்டை தடித்த தாவர உண்ணி டைனோசர்களோடு சேர்த்தார், ஏனென்றால் அவற்றின் பல்லும் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். அது தப்பு என்று 1945-இல்தான் ஸ்டெர்ன்பெர்க் பிரித்து வைத்தார். 1987-இல் கர்ரி வேறு சில இனங்களையும் ட்ரூடான் பெயருக்குள் கொண்டுவந்தார், 2017-இல் அந்தப் பெயரே நிற்குமா என்ற கேள்வி எழுந்தது. ஒரு பல்லை மட்டும் வைத்துப் பெயர் சூட்டினால் நூற்றைம்பது வருடம் கழித்தும் வழக்கு முடியாது போலிருக்கிறது. ஆனால் குடும்பத்தை அடையாளம் காண்பது எளிது: பல் குட்டை, கருக்கு பல்லின் அளவுக்குப் பொருந்தாத பெரிசு, ஒவ்வொன்றும் கொக்கி போல நுனியை நோக்கி வளைந்திருக்கும், விரல்விட்டு எண்ணிவிடலாம். லான்ஸ், ஹெல் கிரீக் அடுக்குகளில் கிடைப்பதை பெக்டினோடான் என்று சொல்வார்கள், 'சீப்புப் பல்' என்று பொருள், 1982-இல் கார்பென்டர் வைத்த பெயர். அரிசிக் குருணை அளவுக்குக்கூட இருக்கும். 2018-இல் டோரிசெஸ் குழு கணினியில் அழுத்திப் பார்த்தபோது, ட்ரூடான் வகைப் பல் கோணம் தப்பினால் ராப்டர் பல்லைவிடச் சுலபமாகத் தோற்றுப்போகும் என்று வந்தது. மென்மையான இரையைத் தின்றிருக்கலாம் என்பது அவர்கள் ஊகம்.

ரிச்சர்டோஎஸ்டெசியா என்ற பெயரைச் சொல்லவே மூச்சு வாங்கும். ரிச்சர்ட் எஸ்டெஸ் என்ற ஆய்வாளரின் நினைவாக 1990-இல் வைத்தது. கருக்கு அவ்வளவு பொடி, 10 மடங்கு லூப்பில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் உண்டென்று தெரியும். 2001-இல் ஜூலியா சாங்கி டெக்ஸாஸிலிருந்து பெயரிட்ட ஐசோசிலஸ் என்ற இன்னொரு வகை நேரான இருசமபக்க முக்கோணம், பெயரே அதுதான். மீன் பல்லோடு சேர்த்துக் கழித்துவிடுகிற பல் இதுதான், கழிவுத் தட்டில் தேடினால் கிடைக்கும். விலையும் அதிகமில்லை, தொடக்கக்காரர்களுக்கு நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

பாரோனிகோடான் என்று கோப் என்ற ஆய்வாளர் 1876-இல் பெயரிட்ட பல் ஒரு பக்கம் தட்டையாகவும் நீளவாக்கில் வரம்புகளோடும் இருக்கும். அதே 1876-இல் அவர் தனி விலங்காகப் பெயரிட்ட ஸாப்சாலிஸ், சாரோர்னிதோலெஸ்டெஸின் முன்வாய்ப் பல் வகை என்று 2019-இல் கர்ரியும் எவன்ஸும் காட்டினார்கள். ஒரே வாயில் முன்னால் ஒரு மாதிரி, பக்கத்தில் ஒரு மாதிரி பல் இருக்கும் என்பதை மறந்தால் ஒரு விலங்கு இரண்டாகிவிடும்.

இன்னொன்று, 'நானோடைரனஸ்' என்று எழுதிய பற்கள். தட்டையாக, அடிப்பாகம் நீள்சதுரம் போல இருக்கும். இது தனி இனமா, குட்டி ரெக்ஸா என்று 1988 முதல் சண்டை. 2025-இல் வட கரோலினா அருங்காட்சியகத்தில் உள்ள 'சண்டையிடும் டைனோசர்கள்' எலும்புக்கூட்டை ஆய்ந்து, தனி இனம்தான் என்று சான்னோவும் நேபோலியும் எழுதிய பிறகு அந்தப் பெயருக்குத் தெம்பு வந்திருக்கிறது. ஆனால் ஹெல் கிரீக்கில் குட்டி ரெக்ஸும் இருந்திருக்கும், அதற்கும் பல் விழுந்திருக்கும். தனிப் பல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு உறுதியாகப் பேசுபவரிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

ஐந்தாம் படி: மாறுவேடக்காரர்கள்

முதலையைச் சொல்லிவிட்டேன். கூம்பு வடிவம், வட்ட அடி, இரண்டு பக்கமும் மெல்லிய விளிம்பு இருந்தாலும் கருக்கு இருக்காது. சாம்ப்சோசாரஸ் என்ற நீர்வாழ் ஊர்வனவின் பல் இன்னும் ஒல்லி, அடியில் மடிப்பு மடிப்பாகக் கோடுகள். உண்மையான ஏமாற்றுக்காரன் பேலியோசானிவா என்ற பெரிய பல்லி: உடும்பு மாதிரி வளைந்த தட்டைப் பல், அதிலும் மிகப் பொடிக் கருக்கு. அடிப்பாகம் அகன்று விரிந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். மண்டை தடித்த பாக்கிசெஃபலோசார்களின் முன்வாய்ப் பல்லும் மாமிச உண்ணிப் பல் போலவே தோன்றும். கில்மோரையே குழப்பிய குடும்பம், நாம் குழம்பினால் வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆறாம் படி: ஒட்டா, நிரப்பலா, கட்டிய பல்லா?

6 கோடி வருடத்துக்கும் மேல் மண்ணில் கிடந்த பல்லில் விரிசல் இருப்பது இயல்பு. மெல்லிய பசை ஊற்றிக் கெட்டிப்படுத்துவதும், இரண்டாக உடைந்ததைச் சேர்த்து ஒட்டுவதும் குற்றமில்லை, சொல்லிவிட்டு விற்றால். இல்லாத நுனியைப் பிசினில் செய்து வைப்பது வேறு. இரண்டு மூன்று பல்லின் துண்டுகளைச் சேர்த்து ஒரு பல்லாக்குவது மோசடி.

லூப்பில் பாருங்கள்: கருக்கு வரிசை ஒட்டின் இரு பக்கமும் தொடர்கிறதா, அளவு சட்டென்று மாறுகிறதா? எனாமலின் நிறமும் நெளிவும் ஒட்டைத் தாண்டிப் போகிறதா? சின்னக் காற்றுக் குமிழி தெரிந்தால் அது பசை. இருட்டில் புற ஊதா டார்ச் அடித்தால் பசையும் பிசினும் பெரும்பாலும் நீலம் கலந்த வெள்ளையாகப் பளிச்சிடும், பல் அப்படி ஒளிராது. எல்லாப் பசையும் ஒளிராது, ஆகவே ஒளிரவில்லை என்பதால் நிம்மதி அடைய வேண்டாம். ஊசியைக் காய்ச்சிக் குத்துவது, அசிட்டோனில் துடைப்பது போன்ற வீரதீரச் சோதனைகளை அடுத்தவர் பல்லில் செய்யாதீர்கள். அசிட்டோன் நல்ல பல்லைத் தாங்கிப் பிடித்திருக்கும் பசையையும் கரைத்துவிடும்.

நுனி மழுங்கியிருந்தால் உடனே விலையைக் குறைக்கப் பேச வேண்டாம். உடைந்த முனை கரடுமுரடாக இருக்கும். இரையின் எலும்பில் உராய்ந்து தேய்ந்த முனை வழவழவென்று சாய்ந்திருக்கும். இரண்டாவது வகை அந்த விலங்கு சாப்பிட்டதற்கான தடயம், எனக்கு அது முழுசான பல்லைவிட ஒரு படி மேல்.

ஏழாம் படி: எந்த ஊர், யார் நிலம்?

என்னைக் கேட்டால் இதுதான் முதல் படியாக இருந்திருக்க வேண்டும், ஆனால் சட்டத்தில் தொடங்கினால் யாரும் படிக்க மாட்டீர்கள் என்று பின்னால் வைத்தேன்.

அமெரிக்காவில் கூட்டரசு நிலத்தில் முதுகெலும்புள்ள விலங்கின் புதைபடிவத்தை அனுமதியின்றி எடுக்கக் கூடாது, 2009-இல் வந்த சட்டம் இதைத் தெளிவாக்கியது. தனியார் நிலத்தில் கிடைப்பது நில உரிமையாளருக்குச் சொந்தம், அவர் விற்கலாம். அதிலும் ஒரு வழக்கு வந்தது. மொன்டானாவில் மேல் நிலம் ஒருவருக்கு, அடியிலுள்ள கனிம உரிமை இன்னொருவருக்கு என்று பிரிந்து கிடக்கும் இடங்கள் உண்டு. அப்படி ஓரிடத்தில்தான் அந்த 'சண்டையிடும் டைனோசர்கள்' கிடைத்தன. புதைபடிவம் கனிமமா இல்லையா என்று நீதிமன்றம் ஏறி, கனிமம் இல்லை என்று 2020-இல் மொன்டானா உச்ச நீதிமன்றம் சொன்னது. பண்ணைக்காரர்களுக்கும் சேகரிப்பாளர்களுக்கும் பெரிய நிம்மதி.

எல்லை தாண்டி கனடாவின் ஆல்பர்ட்டா போனால் கதை வேறு. அங்கே புதைபடிவம் மாகாணத்தின் சொத்து, ட்ரோமியோசாரஸ் முதலில் கிடைத்ததே அங்கேதான் என்றாலும் அங்கிருந்து பல் வாங்க நினைக்காதீர்கள். மங்கோலியாவில் அரசின் சொத்து. வெலாசிராப்டர் மங்கோலியாவிலும் அதை ஒட்டிய சீனப் பகுதியிலும்தான் கிடைத்திருக்கிறது, இரண்டு நாடுமே ஏற்றுமதியை விடுவதில்லை. ஆகவே 'அசல் வெலாசிராப்டர் பல்' என்று யாராவது விற்றால், ஒன்று அது கடத்தல், அல்லது அது வெலாசிராப்டர் இல்லை. ஹாலிவுட் நடிகர் நிக்கோலஸ் கேஜ் 2007-இல் 2,76,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்த மண்டையோடு மங்கோலியாவின் டார்போசாரஸ் என்று தெரிந்து 2015-இல் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டார்.

மொராக்கோவின் கெம் கெம் என்ற பாறை அடுக்கின் பற்கள் சந்தையில் குவிந்து கிடக்கின்றன. அங்கே 'ராப்டர் பல்' என்று விற்கும் சின்னப் பற்களை எச்சரிக்கையோடு பாருங்கள். அந்த அடுக்கிலிருந்து ராப்டரின் எலும்புக்கூடு எதுவும் பெயரிடப்படவில்லை, பெரும்பாலானவை அபெலிசார் என்ற வேறொரு வேட்டை டைனோசர் குடும்பத்துடையதாக இருக்கலாம். 'சின்ன வேட்டை டைனோசர், கெம் கெம்' என்று சீட்டு எழுதினால் தப்பு வராது.

நம்ம ஊரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில், டைனோசர்களின் கடைசிக் காலத்து மண்ணில், ட்ரூடான் குடும்பத்துப் பல் ஒன்று கிடைத்ததாக அஞ்சலி கோஸ்வாமி, ஜி.வி.ஆர். பிரசாத் உள்ளிட்ட குழு 2013-இல் எழுதியது. ஒரே ஒரு பல், மில்லிமீட்டர் கணக்கில். அதுவரை அந்தக் குடும்பம் வடக்குக் கண்டங்களில் மட்டுமே தெரிந்திருந்தது. அப்போது தனித்தீவாக மிதந்துகொண்டிருந்த இந்தியாவுக்கு அது எப்படி வந்தது என்பதே பெரிய கேள்வி. அந்தப் பல் யாரோ ஒருவரின் கண்ணாடி அலமாரிக்குப் போயிருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. அரியலூர்ப் பக்கம் போனால் புதைபடிவ அருங்காட்சியகத்தைப் பாருங்கள், ஓடைக்கரையில் எதையாவது கண்டால் படம் எடுத்து இடத்தைக் குறித்து அங்கே சொல்லுங்கள், பையில் போட வேண்டாம்.

எட்டாம் படி: விற்பவரிடம் பேசுவது

கேட்க வேண்டியவை மூன்றுதான். எந்தப் பாறை அடுக்கு, எந்தக் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது)? தனியார் நிலமா, எழுத்தில் தருவீர்களா? ஒட்டு, நிரப்பல் எங்கே? 'மொன்டானா' என்று மட்டும் சொன்னால் போதாது. ஜூடித் ரிவரும் மொன்டானாதான், ஹெல் கிரீக்கும் மொன்டானாதான், இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டு இருக்கிறது, அடுக்கு மாறினால் விலங்கின் பெயரே மாறும். இணையத்தில் வாங்கினால் இரண்டு பக்கமும், அடிப்பாகமும், இரு விளிம்பும் தெரியும்படி ஐந்து படம் கேளுங்கள். அனுப்பத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும். வருடா வருடம் ஜனவரி கடைசி, பிப்ரவரியில் அரிசோனாவின் டூசான் நகரில் நடக்கும் கல், கனிமக் கண்காட்சிக்குப் போக வாய்ப்பிருந்தால் போங்கள், ஹோட்டல் அறைகளில் கட்டில் மேல்கூடப் பல்லைப் பரப்பி வைத்திருப்பார்கள், ஒரே நாளில் நூறு பல்லை லூப்பில் பார்க்கும் பழக்கம் வேறெங்கும் வராது.

விலை விஷயத்தில், நீளம் ஒரு அளவுகோல்தான். இரண்டு விளிம்பிலும் கருக்கு முழுசாக இருக்கிறதா, எனாமல் பளபளப்பு உண்டா, நுனி உண்டா, ஊர் விவரம் உண்டா, இவை நான்கும் சேர்ந்தால் சில நூறு டாலர் வரை சுலபமாகப் போகும். கருக்கு தேய்ந்து ஊரும் தெரியாத பல் சில பத்து டாலரில் முடியும். 1993-இல் 'ஜுராசிக் பார்க்' வந்த பிறகு 'ராப்டர்' என்ற சொல்லுக்கே தனி விலை வந்துவிட்டது, சினிமாவின் புண்ணியம். 2020 அக்டோபரில் ஸ்டான் என்ற ரெக்ஸ் எலும்புக்கூடு 3.18 கோடி டாலருக்கு ஏலம் போனது. அந்த ரெக்ஸின் காலடியில் ஓடித் திரிந்த விலங்குகளின் பல்லை நம்மைப் போன்றவர்களும் வைத்திருக்க முடிகிறது என்பதுதான் இந்தச் சேகரிப்பின் பெரிய கவர்ச்சி.

ஒன்பதாம் படி: வீட்டுக்கு வந்த பிறகு

தண்ணீரில் கழுவாதீர்கள். ஹெல் கிரீக் களிமண் ஈரம் பட்டால் உப்பும், விரிசலுக்குள் இருக்கும் மண் உப்பினால் பல் பிளந்துவிடும். மென்மையான காய்ந்த தூரிகை போதும். பொருக்கு விடும் பல் என்றால் பாராலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் நீர்க்கக் கரைத்து ஒரு சொட்டு விடலாம், பின்னால் வேண்டுமென்றால் கரைத்து எடுத்துவிடவும் முடியும். ஃபெவிக்விக் அவசரத்துக்கு உதவும், ஆனால் அதைத் திரும்ப எடுப்பது பெரும்பாடு.

பஞ்சில் வைக்க வேண்டாம், இழை கருக்கில் மாட்டி இழுக்கும்போது நுனி போய்விடும். ரத்தினக்கல் வைக்கும் சின்ன மூடி டப்பா, உள்ளே நுரைப்பஞ்சு அட்டையில் பல்லின் வடிவத்துக்கு ஒரு குழி, அதுதான் சரி. கடற்கரை ஊரில் இருப்பவர்கள் பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள்.

கடைசியாகச் சீட்டு. ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு எண், அதே எண் டப்பாவிலும் நோட்டுப் புத்தகத்திலும். சீட்டில் அடுக்கு, கவுண்டி, மாநிலம், தனியார் நிலம் என்ற குறிப்பு, யாரிடம் எப்போது வாங்கியது, உயரம், அடி நீளம், அடி அகலம், இரு விளிம்பின் கருக்கு எண்ணிக்கை. விலங்கின் பெயரைக் கடைசியில், பென்சிலில் எழுதுங்கள். மேலே எழுதிய எதுவும் மாறாது, பெயர் மாறும். மாறும்போது பழையதை அழிக்காமல் ஒரு கோடு இழுத்து, புதுப் பெயரையும் தேதியையும் கீழே எழுதுங்கள், பழைய உரிமையாளர் தந்த சீட்டு இருந்தால் அதையும் மடித்து டப்பாவிலேயே வையுங்கள். என்னிடம் ஒரு டப்பாவில் இப்போது மூன்று சீட்டுகள் இருக்கின்றன, ட்ரோமியோசாரஸ், சாரோர்னிதோலெஸ்டெஸ், கேள்விக்குறியோடு அகெரோராப்டர். பல் 9 மில்லிமீட்டர்தான்.